யார் மடியில் காது குத்துவது

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கீழுதட்டில் முதல் வெள்ளை விழுந்தது. உதட்டோரம் ஒரு மிளகு அளவு. சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று துண்டால் அழுத்தித் துடைத்தேன். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது, அப்புறம் எங்கிருந்து சுண்ணாம்பு வரும். அடுத்து விரல் நுனிகள், முழங்கை, கண் இமை என்று அது தன் இஷ்டத்துக்கு இடம் பிடித்தது. பெண் பார்க்கப் போனவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். மதுரையில் ஒரு தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெண்புள்ளிங்க. யாருக்கும் ஒட்டாது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. வெயிலு மட்டும் அதிகம் படாமப் பாத்துக்கங்க" என்றார். அந்த மனுஷன் ஒரு நாள் எங்கள் பக்கம் வந்து இதை மைக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். இங்கே இதற்குக் குஷ்டம் என்றுதான் பெயர். வெள்ளையாக இருப்பதால் வெண்குஷ்டம். பெயரிலேயே தீர்ப்பை எழுதி வைத்துவிட்ட ஜனங்களுக்கு டாக்டர் எதற்கு.

பாளையம்பட்டி ரோட்டில் கருகின மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வறண்ட காட்டில் தண்ணீர் பாதாளத்தில் கிடக்கிறது. அதை இழுத்து இழுத்து மோட்டார்கள் கருகிப்போகும். பரளச்சி, திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் அவற்றை வண்டியில் போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். வேலை முடிந்து நான் எடுத்துக் கொடுத்தால் கையில் வாங்க மாட்டார்கள். "கீழ வையிங்கண்ணே, நான் எடுத்துக்கிறேன்" என்பார்கள். ஆனால் நான் கம்பி கம்பியாகக் கையால் சுற்றிய அதே மோட்டார்தான் அவர்கள் போர்வெல்லுக்குள் இறங்கும். அது இறைக்கிற தண்ணீரைத்தான் வீட்டோடு குடிப்பார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லையாம்.

குழந்தைகள் அப்படியில்லை. அவர்கள் கேட்டுவிடுவார்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் என் தோலைப் பற்றி நேராகப் பேசியவர்கள் ஒரு டாக்டரும், பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளும்தான்.

வீரசோழனிலிருந்து ஒரு பாய் மோட்டார் கொண்டுவந்தபோது அவருடைய மகளும் கூட வந்திருந்தாள். கடையில் ஸ்டூல் மேல் ஏறி உட்கார்ந்து என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா, நீங்க கறுப்புலருந்து வெள்ளையா மாறிக்கிட்டிருக்கீகளா, வெள்ளையிலருந்து கறுப்பா மாறிக்கிட்டிருக்கீகளா?" என்று கேட்டாள். பாய்க்கு முகம் செத்துப்போனது. "ஏய், சும்மா இரு" என்று அதட்டினார். நான் சிரித்துவிட்டேன். "இன்னும் முடிவு பண்ணல பாப்பா" என்றேன். அவள் யோசித்து, "கறுப்பாவே மாறிருங்க. வெள்ளைன்னா சீக்கிரம் அழுக்காயிரும், அம்மா ஏசுவாக" என்றாள். இந்தத் தோலைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே நல்ல யோசனை அதுதான்.

இன்னொரு முறை திருச்சுழி பஸ்ஸில். முன் சீட்டில் தாய் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பயல் பின்னால் பார்த்துக்கொண்டு வந்தான். "அம்மா, இந்த மாமாவுக்கு மட்டும் ஏன் ரெண்டு தோலு?" என்றான். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரியே, "அங்கிட்டுப் பாக்கக் கூடாது, பாத்தா சாமி கண்ணக் குத்திரும்" என்றாள். அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் இறங்கும்வரை திறக்கவே இல்லை. அவன் கேட்டது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தானே, அதற்குத்தான் வயிறு எரிந்தது. ஊருக்கு ஊர் இப்படித்தான் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள்.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான்தான் நின்று அவளைப் பரளச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்தேன். நல்ல சம்சாரி வீடு, நிலபுலன் உள்ளவர்கள். அவளுக்கு ஒரு மகள், என் மருமகள். ஐந்து வயது. டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் தங்கை அவளை என் வீட்டில் விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போவாள். மூன்று வயதிலேயே அவள் என் கையை மடியில் போட்டு விரலால் கோடு இழுத்து விளையாடுவாள். ஒவ்வொரு வெள்ளைக்கும் ஒரு பெயர். முழங்கையில் இருப்பது வாத்து, மணிக்கட்டில் இருப்பது பஸ்ஸு. ஒரு நாள் என் கழுத்துக்குப் பின்னால் புதிதாக ஒன்று வந்திருந்ததை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "மாமா, ஒனக்கு இன்னொண்ணு வந்திருக்கு" என்று கைதட்டினாள். எனக்கு நெஞ்சு பதறியது. ஆனாலும் அதை வரவேற்க உலகத்தில் ஒரு ஜீவன் இருந்தது.

கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டி இல்லை. ஊரில் ஒரு விசேஷத்துக்கு என்னை முன்னால் கூப்பிட்டு உட்காரவைக்க யாருக்கும் அவசியம் கிடையாது. எனக்கென்று இருந்த ஒரே பதவி தாய்மாமன். எங்கள் பக்கம் பிள்ளைக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். அப்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். ஒரு வயதில் குத்த நினைத்தபோது ஊரடங்கு வந்தது. மூன்றாம் வயதில் அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. கடைசியில் போன மாசியில் குத்துவது என்று முடிவாயிற்று. நான் பட்டுப் பாவாடை எடுத்தேன், தங்கத்தில் தோடு வாங்கினேன். கடையில் வேலை ஓடவில்லை. அந்த மடிக்காகத்தான் இத்தனை நாள் மனுஷனாக நடமாடிக்கொண்டிருந்தேன் என்று கூடத் தோன்றியது. சிரிக்காதீர்கள், உங்களுக்கு மடி நிறையப் பிள்ளைகள் இருக்கும்.

விசேஷத்துக்கு முந்தின வாரம் தங்கையின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே பேசினார்.

"மச்சான், ஒரு சேதி. அப்பா சொல்லிவிட்டாக. கோயில்ல வெயிலு கடுமையா இருக்கும். ஒங்களுக்குத்தான் வெயிலு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல."

"சாமியானா போடுறீகள்ல மாப்ள?"

"ஆமா, பெருசாத்தான் சொல்லியிருக்கு."

"அப்ப வெயிலு எங்கிட்டுருந்து வருது?"

அவர் ஹேண்டில்பாரைப் பார்த்தார். "அதுக்கில்ல மச்சான். ஒங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவுகளும் மாமன் முறைதான. அவுக மடியில வச்சுக்கிறலாம்னு அப்பாவுக்கு ஒரு எண்ணம். நீங்க பக்கத்துலயே நில்லுங்க. சீரு நீங்களே கொண்டாங்க, அதெல்லாம் ஒங்க உரிமை."

என் சீர் அவர்களுக்கு ஆகும். பாவாடை ஆகும், தோடு ஆகும். அந்தத் தோடு பிள்ளையின் காதுக்குள் போய் ரத்தத்தோடு கிடக்கலாம். என் வேட்டி மட்டும் பிள்ளைமேல் படக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டேன். "மாமன் செத்துப்போனாத்தான் மாப்ள வேற ஆள் தேடுவாக. நான் உசுரோடதான இருக்கேன்" என்றேன். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"நானு என்னண்ணே செய்வேன். இங்க இருக்க ஆளுக பேசுறத ஒனக்குச் சொன்னா நீ தாங்க மாட்ட. எம்புட்டுத்தான் சண்ட போடுறது. ஆனா நீதாண்ணே உக்காரணும். எம்பிள்ளைக்கு நீதான் மாமன். யாரு என்ன சொன்னாலும் நீ வந்து உக்காரு, நான் பாத்துக்கிறேன்."

அந்தப் பேச்சு எனக்குப் போதும். போனை வைத்த பிறகு என் கூடப் பிறந்தவளை நினைத்து எனக்கே கண் கலங்கியது. மாமனார் வீட்டில் வாயில்லாப் பூச்சியாக இருக்கிறாள், ஆனாலும் எனக்காக நிற்கிறாள் என்று பெருமைப்பட்டேன்.

கோயில் கண்மாய்க் கரையில் இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். அவர்கள் பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் ஒரு வேன் பிடித்துச் சீர்த்தட்டுகளோடு போய் இறங்கினேன். பெரியப்பா மகனும் அதே வேனில்தான் வந்தான். என் வயதுக்காரன். புது வேட்டி கட்டியிருந்தான். "ஏலே, நானாக் கேக்கல, அவுகதான் கூப்பிட்டாக" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். புது வேட்டியை மட்டும் நன்றாக மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டான்.

தங்கையின் மாமனார் சாமியானாவுக்குக் கீழே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி, தட்டையெல்லாம் சாமி முன்னால வைக்கச் சொல்லுங்க" என்றார். வைத்தோம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலையோடு மருமகள் நான் எடுத்த பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கை அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி கம்பியைத் துடைத்துவிட்டு, "தாய்மாமன் வாங்க" என்று கூப்பிட்டார். மாமனார் என் பெரியப்பா மகனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் அடியெடுத்து வைப்பதற்குள் நான் போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமனார் எழுந்து வந்தார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, நான் ஒளிச்சுப் பேச விரும்பல. இது பொம்பளப் பிள்ள. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போயி வாழணும். இதுக்கும் ஒங்களுக்கு வந்த மாதிரி ஏதும் வந்துச்சுன்னா நான் யாரப் போயிக் கேக்கட்டும்?"

"இது ஒட்டாதுங்க. மதுரை டாக்டரே சொல்லியிருக்காரு."

"டாக்டரு வந்து பொண்ணு கேக்க மாட்டாரு தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்குப் பெண் கொடுக்க வந்து திரும்பியவர்கள் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "இங்க கூடியிருக்க சனம் பூராம் கேக்கிற மாதிரி சொல்லுங்க, மாமன் செத்துப்போனான்னு. சொல்லிட்டீகன்னா நானே எந்திரிச்சுப் போறேன்" என்றேன். சாமி முன்னால், மங்கல காரியத்தில், அப்படி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தெரிந்துதான் சொன்னேன். "யாராச்சும் உக்காருங்கய்யா, நேரம் போகுது, ராகுகாலம் வந்துரும்" என்று ஆசாரி முணுமுணுத்தார். எவளோ ஒருத்தி, மடியில் ஒரு கம்பளியை விரித்துப்போட்டு அதன்மேல் உட்காரவைக்கலாமே என்று யோசனை சொன்னாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள், அதுதான் கொடுமை.

அதற்குள் மருமகள் ஓடிவந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தங்கைதான் வேண்டுமென்றே கையை விட்டாள் என்று நான் நினைத்தேன். அவளை நன்றியோடு நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மடிக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பிடுங்கி இறக்கினால் அபசகுனம். மாமனார் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சேருக்குத் திரும்பிப் போனார்.

குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதாள். நான் அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சந்தனம் என் சட்டையெல்லாம் அப்பியது. வலது காது, இடது காது. குலவை போட்டார்கள். நான் வாங்கிய தோடு இரண்டும் அவள் காதில் ஏறியது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குத் தோல் என்ற ஒன்றே இல்லை. என்னை மாதிரி ஆளுக்கும் ஒரு பெருமை உண்டென்று ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். ஆசாரி கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்குக் காதுல தண்ணி படாமப் பாத்துக்கங்கம்மா, எரியும்" என்று தங்கையிடம் சொன்னார்.

மருமகள் விசும்பலை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் நிஜமான கவலை.

"அம்மா, அப்ப இன்னைக்கு வேப்பிலைத் தண்ணி ஊத்த மாட்டியா? மாமா மடியில உக்காந்துட்டேனே."

யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "என்ன தண்ணித்தா?" என்று கேட்டேன். அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பொறுமையாக விளக்கினாள்.

"ஒன் வீட்டுக்கு வந்துட்டுப் போவோம்ல மாமா, அப்ப வீட்டுக்குள்ள போகக் கூடாது. பின்னால தொட்டிக்கிட்ட நிக்க வச்சு அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு ஒடம்பெல்லாம் தேய்க்கும். ஒன்ன மாதிரி ஆயிராம இருக்க. எனக்கு வந்தா நல்லாத்தான் இருக்கும். அம்மாதான் வேணாங்குது."

அம்மை கண்ட வீட்டுக்குப் போய்வந்த பிள்ளைக்குத்தான் எங்கள் பக்கம் அப்படித் தண்ணீர் ஊற்றுவார்கள். மாமனார் சேரிலிருந்து திரும்பித் என் தங்கையைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே இது புதுச் செய்தி என்று தெரிந்தது. என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளை சொன்னது பொய் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிட நான் தயாராகத்தான் இருந்தேன். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவருவாள், "நீ எதுக்குண்ணே சிரமப்படுற" என்பாள். என் வீட்டுப் பாத்திரத்தில் அவளும் பிள்ளையும் சாப்பிட்டதே இல்லை என்பது அந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பாசம் என்று நினைத்து நான் கடையில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அத்தனை பேர் முன்னால் என்னை மறித்த அந்தப் பெரியவர் மேல் எனக்கு அதற்குப் பிறகு கோபமே இல்லை. அவர் என் மூஞ்சிக்கு நேரே சொன்னார். போனில் அழுதவளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீதான் உட்கார வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாளே, அவள் காதுகுத்து அன்று காலையிலும் வேப்பிலையை ஒடித்து வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பியிருப்பாள்.

பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்தேன். செருப்பை மாட்டும்போது தங்கை பின்னாலேயே வந்தாள். "சாப்பிட்டுப் போண்ணே. கெடா வெட்டியிருக்கு. பிள்ள என்னத்தையோ ஒளறுது, அதப் போயி மனசுல வச்சுக்கிட்டு" என்றாள். என் கையைப் பிடிக்க வந்தவள் முழங்கைக்கு மேலே, சட்டைத் துணியில் பிடித்தாள்.

வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. தூரத்தில் மருமகள் ஒரு கையால் காதை மூடிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் மெதுவாகத்தான் பேசினேன்.

"பிள்ளைக்குக் காது புண்ணு ஆறட்டும்த்தா. தண்ணி கிண்ணி ஊத்தி எரிய விட்டுறாத. இனிமே அதுக்கு அவசியமும் இருக்காது. நானும் இங்கிட்டு வரல, நீங்களும் என் வீட்டுக்கு வர வேணாம்."

அவள் அழுவாள், காலில் விழுவாள், அப்படியெல்லாம் சொல்லாதேண்ணே என்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்றாள்.